மெஷினில் உட்காராதே: தையல் லைனில் கற்றதை அடுப்படியில் செய்வது எப்படி

ஆளுக்கு ஒரு பாகமாகச் சட்டை தைக்கும் மெஷின் வரிசைக்கு லைன் என்று பெயர். அதற்கு நான் சூப்பர்வைசரான முதல் வாரம், காலர் தைக்கும் பெண் வேலைக்கு வரவில்லை. அவளுடைய மெஷினில் நானே உட்கார்ந்துவிட்டேன். வேகமான கை எனக்கு. ஒரு மணி நேரத்தில் 45 காலர் தைத்து முடித்தேன். எழுந்து பார்த்தால், பின்வரிசையில் இரண்டு பண்டிலுக்கு (வெட்டிய துணிக் கட்டுக்கு) 40 சைஸ் சட்டையில் 42 சைஸ் கஃப் ஏறியிருந்தது. அத்தனை பீஸும் ஆல்டர், பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். ஃப்ளோர் இன்சார்ஜ் சத்தம் போடவில்லை. "நீ மெஷின்ல உக்காந்துட்டா லைனை யாரும்மா பாக்குறது?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி வீட்டுக்கும் பொருந்தும் என்று புரிய எனக்குப் பதினோரு வருஷம் ஆனது.

எங்கள் வீடு சென்னை தண்டையார்பேட்டையில். அத்தை (என் மாமியார்), என் வீட்டுக்காரர், காலேஜ் போகும் மகள், ஒன்பதாவது படிக்கும் மகன், நான். ஐந்து பேர், இரண்டு பர்னர். நான் வேலை பார்க்கும் ஏற்றுமதித் துணி கம்பெனி மாதவரம் தாண்டி இருக்கிறது. கம்பெனி பஸ் 7:40-க்கு வந்த வரைக்கும் எல்லாவற்றையும் நானே செய்து ஓட்டினேன். போன வருஷம் பஸ்ஸை 7 மணிக்கு மாற்றினார்கள். நாற்பது நிமிஷம் போய்விட்டது. நாலு மணிக்கு எழுந்து பார்த்தேன்; மதியம் கண் சொருகியது. ஊசி ஓடுகிற இடத்தில் கண் சொருகக் கூடாது. அப்போதுதான் லைனில் நாள் முழுக்க நான் செய்வதை வீட்டில் செய்யாமல் இருப்பது உறைத்தது. 36 பேரிடம் வேலை வாங்கத் தெரிந்த நான், வீட்டில் ஐந்து மெஷினிலும் மாறி மாறி நானே உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

நீங்கள் ஆபீசில் நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவராக இருந்தாலும், ஆஸ்பத்திரி வார்டில் ஷிஃப்ட் போடுகிறவராக இருந்தாலும், யார்டில் லோடிங் பார்ப்பவராக இருந்தாலும், உங்கள் வீட்டு அடுப்படிக்குத் தேவையான பாதித் திறமை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று, நான் செய்தவரைக்கும் சொல்கிறேன்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள்

புது லைன் கையில் வந்தால் முதலில் பார்க்க வேண்டும். அடுப்படியிலும் அப்படித்தான். ஒரு பழைய நோட்டை எடுத்து, ஒரு வாரம் நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையையும், அதற்கு ஆன நிமிஷத்தையும் எழுதுங்கள். "சாம்பார் வைத்தேன்" என்று எழுதக் கூடாது. ஒரு முழுக்கைச் சட்டையை நாங்கள் 40-க்கும் மேற்பட்ட வேலைகளாகப் பிரிப்போம். சாம்பாரையும் அப்படிப் பிரியுங்கள். பருப்பு கழுவுவது, புளி ஊறவைப்பது, சின்ன வெங்காயம் உரிப்பது, காய் நறுக்குவது, வேகவைப்பது, தூள் போடுவது, உப்பு பார்ப்பது, தாளிப்பது. இப்படிப் பிரித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். இத்தனை வேலையில் கைப்பக்குவம் வேண்டியது மூன்றே மூன்று. தூள், உப்பு, தாளிப்பு. மற்றதை யார் செய்தாலும் சாம்பார் சாம்பார்தான். அந்த 'மற்றது'தான் என் நேரத்தில் முக்கால்வாசியைத் தின்றுகொண்டிருந்தது.

கால் கிலோ சின்ன வெங்காயம் உரிக்க எனக்கு இருபது நிமிஷம் ஆனது. பத்து நிமிஷம் தண்ணீரில் போட்டுவைத்து உரித்தால் பாதி நேரம்தான். நோட்டில் எழுதியிருக்காவிட்டால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

பெரிய பர்னர்தான் உங்கள் காலர் மெஷின்

லைனில் யார் மிக மெதுவோ அவர் வேகம்தான் மொத்த லைனின் வேகம். சட்டைக்குக் கை தைக்கிறவள் மணிக்கு 70 போட்டாலும், காலர் 45 வந்தால் கடைசியில் வெளியே வரும் சட்டை 45-தான். அதனால் அந்த மெஷின் ஒரு நிமிஷம்கூடச் சும்மா நிற்கக் கூடாது. அங்கே வேறு சில்லறை வேலையும் போகக் கூடாது.

எங்கள் வீட்டில் அந்த இடம் பெரிய பர்னர். நான் காலையில் அதில் முதலில் வைத்தது எது தெரியுமா? பால். சின்ன பர்னரில் காய வேண்டியதைப் பெரியதில் வைத்து, பொங்கும் வரை பக்கத்தில் நின்றேன். இப்போது இரவே ஊறவைத்த துவரம்பருப்பு கீழே, அரிசி மேலே என்று குக்கர் 5:25-க்குப் பெரிய பர்னரில் ஏறிவிடும். பால் சின்னதில். நாலு விசில் வந்ததும் குக்கரை இறக்கித் தரையில் பலகைமேல் வைத்துவிடுகிறோம். ஆவி அடங்க ஆகும் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு குக்கர் பர்னர்மேல் உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பல வீடுகளில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் குழம்பு பாதி கொதித்துவிடும். (விசில் அடங்கின சூட்டில் குக்கரைத் தூக்குவது பெரியவர்கள் வேலை. மகனிடம் அதை நான் கொடுத்ததில்லை.)

அத்தைக்கு என்ன வேலை கொடுப்பது

இதில்தான் நான் பெரிய தப்பு செய்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அத்தைக்கு 71 வயது. முட்டிவலி, ரொம்ப நேரம் நிற்க முடியாது. உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தால் அவருக்கும் நல்லது என்று நினைத்து, வெங்காயம் உரிப்பதையும் கீரை ஆய்வதையும் கொடுத்தேன். இரண்டு நாள் பேசாமல் செய்தார். மூன்றாவது நாள், "இன்னாம்மா, என்னை அடுப்பாண்ட வரக்கூடாதுன்னு சொல்றியா?" என்று கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

லைனில் இருபது வருஷம் சட்டைக்குக் கை ஏற்றித் தைத்த ஒருத்தியைத் தூக்கி நூல் வெட்ட உட்காரவைத்தால் என்ன ஆகும்? மறுநாள் வர மாட்டாள். வந்தாலும் மனசு வராது. அது ஹெல்பர் வேலை. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வீட்டில், இந்தக் குடும்பத்துக்கே சமைத்துப்போட்டு வளர்த்த கைக்கு ஹெல்பர் வேலை கொடுத்திருந்தேன்.

மூத்த ஆளுக்கு உடம்பு ஒத்துழைக்காதபோது, வேலையைக் குறைக்கலாம். பொறுப்பைக் குறைக்கக் கூடாது. எங்கள் ஃப்ளோரில் எந்த ஆர்டர் வந்தாலும் முதல் பீஸைச் செக்கிங் பார்த்து ஒப்புதல் சொன்ன பிறகுதான் மற்றதைத் தைக்க ஆரம்பிப்போம். வீட்டில் அந்த ஒப்புதலை அத்தையிடம் கொடுத்தேன். யார் குழம்பு வைத்தாலும், மீனையோ வெந்த காயையோ போடுவதற்கு முன்னால் ஒரு கரண்டி அவரிடம் போகும். அவர் "சரி" என்றால்தான் அடுத்தது.

இது மரியாதைக்காகச் செய்கிற சடங்கு கிடையாது. தைத்து முடித்த சட்டையில் தப்பைக் கண்டுபிடித்தால் பிரித்துத் தைக்க வேண்டும். நடுவில் கண்டுபிடித்தால் அடுத்த பீஸிலிருந்தே சரியாகிவிடும். மீன் குழம்பிலும் அப்படித்தான். மீன் விழுந்த பிறகு கரண்டி போட்டுக் கிளற முடியாது, உடைந்துவிடும். உப்பு, புளி, காரம் எல்லாவற்றையும் அதற்கு முன்னாலேயே முடிக்க வேண்டும். அந்த இடத்தில் வீட்டிலேயே நல்ல நாக்கு யாருடையதோ அவர் நிற்க வேண்டும். உட்கார்ந்தும் சொல்லலாம், நாற்காலியை அடுப்படி வாசலில் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்து, அவர் கையில் இருப்பதை எழுத்தில் கொண்டுவர வேண்டும். கேட்டால் "கண்ணளவு" என்பார். அதனால் கேட்கவில்லை. அவர் தூளை அள்ளியதும் சட்டியில் போடுவதற்கு முன் ஒரு கிண்ணத்தில் வாங்கி ஸ்பூனால் அளந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படிச் செய்தோம். அரைக் கிலோ சங்கரா மீன் குழம்புக்கு வந்த கணக்கு இது:

நல்லெண்ணெய் நாலு மேசைக்கரண்டி, வெந்தயம் கால் ஸ்பூன், சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு ஆறு பல், தக்காளி இரண்டு, வீட்டில் அரைத்த குழம்பு மிளகாய்த்தூள் மூன்று ஸ்பூன், மஞ்சள்தூள் அரை ஸ்பூன், எலுமிச்சை அளவு புளி, உப்பு இரண்டு ஸ்பூன், கறிவேப்பிலை. வெந்தயம் சிவந்ததும் வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை. அப்புறம் தக்காளி குழைய வதக்கி, தூள்களைப் போட்டு, புளிக்கரைசல் விட்டு, பச்சை வாசனை போய் எண்ணெய் மேலே மிதக்கும் வரை கொதிக்கவேண்டும். ஒப்புதல் ஆன பிறகு மீன். நடுத்தரத் தீயில் ஏழெட்டு நிமிஷம். கிளறாமல், துணியால் சட்டியின் விளிம்பைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் போதும்.

மூன்று வாரமும் மிளகாய்த்தூள் ஒரே அளவுதான் வந்தது, எனக்கே ஆச்சரியம். புளி மட்டும் மாறியது. ஏன் என்றால், தக்காளியை வாயில் போட்டுப் பார்த்து, அது புளித்தால் புளியைக் குறைப்பாராம். அளந்ததால்தான் அந்தக் கேள்வியையே என்னால் கேட்க முடிந்தது. இப்போது அந்த வரியும் நோட்டில் இருக்கிறது.

கரண்டியைப் பிடுங்காதீர்கள்

மகள் முதல்முதலாகத் தாளித்த நாள். எண்ணெய் காய்வதற்கு முன்னாலேயே கடுகைப் போட்டாள். கடுகு வெடிக்காமல் எண்ணெயில் கிடந்தது. பதறி உளுத்தம்பருப்பையும் போட்டாள், அது கருகியது. "தள்ளு" என்று கரண்டியை வாங்கி நானே முடித்தேன். "சரிம்மா, நீயே பண்ணிக்கோ" என்று போனவள், ஒரு மாதம் அடுப்படிப் பக்கம் வரவில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதில் முதல் வேலை. அந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். பாக்கெட் கோணலாக விழுந்த ஒரு பண்டிலை சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் என் மெஷின்மேல் எறிந்தார். அன்றைக்கு நான் பாத்ரூமில் போய் அழுதேன். அவர் பண்டிலை எறிந்ததால் எனக்குப் பாக்கெட் நேராக வரவில்லை. பக்கத்து மெஷின் அக்கா ஒரு அட்டையில் அளவு வெட்டிக் கொடுத்தாள், அதற்கப்புறம்தான் வந்தது. மகள் விஷயத்தில் அந்த அக்காவாக இருந்திருக்க வேண்டிய நான், பண்டிலை எறிந்துவிட்டேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளையிடம் கேட்பதா என்று நினைக்காதீர்கள். கேட்காமல் அடுத்த படி இல்லை. அப்புறம் லைனில் புது ஆளுக்குச் சொல்லித்தரும் அதே வரிசையில் போனேன். முதல் நாள் நான் செய்தேன், அவள் பார்த்தாள். இரண்டாம் நாள் அவள் செய்தாள், நான் பக்கத்தில் நின்றேன், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு. மூன்றாம் நாள் ஹாலில் உட்கார்ந்தேன். நாலாம் நாள் குளிக்கப் போய்விட்டேன்.

என்ன சொல்ல வேண்டும் என்பதையும் மாற்றினேன். "எண்ணெய் காயட்டும்" என்றால் புது ஆளுக்கு ஒன்றும் புரியாது. "ஒரே ஒரு கடுகைப் போடு, அது படபடவென்று வெடித்தால் மிச்சத்தைப் போடு" என்றால் புரியும். எந்தக் குறிப்பையும் கண்ணால் பார்க்கிற, காதால் கேட்கிற, மூக்கால் முகர்கிற அடையாளமாகச் சொல்லுங்கள்.

குறை சொல்லும்போது பீஸைப் பற்றிப் பேசுங்கள், ஆளைப் பற்றி வேண்டாம். "உனக்கு எப்பவுமே உப்புக் கணக்கு தெரியாது" என்றால் அதை வைத்து அவள் எதைச் சரிசெய்வாள்? "இன்னிக்கு அரை ஸ்பூன் தூக்கல், கொஞ்சம் தேங்காய் அரைச்சு விட்டா சரியாயிடும்" என்றால் அடுத்த நிமிஷமே கையில் வேலை இருக்கிறது. இதைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால், எல்லாரும் இருக்கும்போது சொல்லவே கூடாது. அடுப்படியில், தணிந்த குரலில், அவளிடம் மட்டும். நன்றாக வந்ததை மட்டும் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள், எது நன்றாக வந்தது என்று பெயர் சொல்லி. "சூப்பர்" என்பதைவிட "உளுந்து சரியாகச் சிவந்திருக்கு" என்பது ஒரு வாரம் நிற்கும்.

முழு வேலையாகக் கொடுங்கள்

மகனிடம் முதலில் "தண்ணி பிடி, தட்டு வை" என்று துண்டு துண்டாகச் சொன்னேன். முகம் சுளித்தான். இப்போது இட்லிமாவு மொத்தமும் அவனுடையது. நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரிசி தீர்வதற்கு முன்னால் சொல்வது, ஊறவைப்பது, அரைப்பது, கிரைண்டர் கழுவுவது வரை. மே மாதப் புழுக்கத்தில் ஆறு மணி நேரத்தில் பொங்கிவிடும், மார்கழியில் அதைப்போல இரண்டு பங்கு வேண்டும் என்பதை அவனே கண்டுபிடித்தான். இப்போது வெயில் காலத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் அரைக்கிறான். ஆம்பளைப் பிள்ளை என்று அடுப்படிக்கு வெளியே நிறுத்தாதீர்கள். நாளைக்கு அவன் தனியாக ஊர்விட்டு ஊர் போய் வேலை பார்க்கும்போது பசிக்கும்.

மீன் வாங்குவது என் வீட்டுக்காரர் வேலை. ஹார்பரில் நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் காசிமேடு மீன் மார்க்கெட். முதலில் நான் எழுதிக் கொடுத்த லிஸ்டை வைத்துக்கொண்டு திண்டாடினார். வஞ்சிரம் என்று எழுதியிருந்தால், விலை எவ்வளவு ஏறியிருந்தாலும் அதையே வாங்கிவந்தார். தப்பு என்னுடையது. வேலையைக் கொடுத்தேன், முடிவெடுக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. இப்போது லிஸ்ட் கிடையாது. "500 ரூபாய்க்குள்ள, பையனுக்கு முள் கம்மியா, அன்னிக்கு எது நல்லா இருக்கோ அது" — இவ்வளவுதான் அவரிடம் சொல்வது. எப்படிப் பார்ப்பது என்பதை மட்டும் அத்தை ஒருமுறை கூடப்போய்க் காட்டினார். செவுளைத் தூக்கினால் சிவப்பாக இருக்கணும், கண் குழியாமல் தெளிவாக இருக்கணும், விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே எழணும். இந்த மூன்றும் தெரிந்த பிறகு சங்கரா, கானாங்கெளுத்தி, நெத்திலி என்று என்ன வந்தாலும் நல்லதாகத்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விட்டுச் சனிக்கிழமை விடியலில் வாங்கிச் சுத்தம் செய்து, உப்பு மஞ்சள் தடவி ஃப்ரீசரில் வைப்பதும் வீட்டுக்காரர் யோசனைதான். நான் போனபோது எனக்குத் தோன்றவில்லை.

தெரிந்த லீவு, தெரியாத லீவு

பொங்கலுக்கு லைனில் பாதிப்பேர் ஊருக்குப் போவார்கள் என்று தெரியும். தெரிந்த லீவுக்கு முன்னாலேயே ஆள் பழக்கி வைப்போம். எங்கள் ஏரியா அடுப்படிக்கு அப்படி ஒரு தெரிந்த லீவு மீன்பிடித் தடைக்காலம். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலை ஏறும். மார்ச்சிலேயே கருவாடு வாங்கிக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்துவிடுகிறோம். அந்த இரண்டு மாதம் மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு, முட்டைக் குழம்பு, மாங்காய் சாம்பார் என்று ஓடும். மகள் முட்டைக் குழம்பு பழகியது அப்போதுதான்.

தெரியாத லீவுக்கு ஒரே வழி, ஒவ்வொரு வேலையும் இரண்டு பேருக்குத் தெரிந்திருப்பது. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். தெருவில் முட்டி அளவு தண்ணீர், மின்சாரம் இல்லை, மிக்ஸி இல்லை. வீட்டில் அம்மி இருந்தது, அதில் அரைக்கத் தெரிந்தவர் அத்தை ஒருவர்தான். அந்த முட்டியோடு தரையில் உட்கார்ந்து மூன்று நாள் அரைத்தார். அதை நினைத்தால் இன்னமும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஒரு வேலைக்கு ஒரே ஆள் என்று விட்டுவைத்ததால் அந்தப் பாரம் முழுவதும் அவர்மேல் விழுந்தது. இப்போது மகளும் நானும் மாதம் ஒருமுறை அம்மியில் சட்னி அரைக்கிறோம், கை மறந்துவிடக் கூடாது என்று.

நீங்களும் ஒரு தாளில் வீட்டு ஆட்களை மேலிருந்து கீழாகவும் வேலைகளைக் குறுக்காகவும் எழுதி, தெரிந்தவர்களுக்கு டிக் போடுங்கள். ஒரே ஒரு டிக் இருக்கும் வேலைதான் அடுத்து சொல்லித்தர வேண்டியது. எங்கள் தாளில் இப்போது ஒற்றை டிக்கோடு நிற்பது இரண்டு. மிளகாய்த்தூளுக்கு மல்லி, மிளகாய் வறுப்பது, அத்தை. கேஸ் சிலிண்டர் மாற்றுவது, வீட்டுக்காரர்.

இரவில் பத்து நிமிஷம்

ஷிஃப்ட் மாறும்போது லைனைக் கைமாற்றிக் கொடுப்போம். எது பாதியில் நிற்கிறது, எந்த மெஷின் மக்கர் பண்ணுகிறது என்று. வீட்டில் அதை இரவு சாப்பாடு முடிந்ததும் செய்கிறோம். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை. நாளைக்கு என்ன, யார் முன்னால் நிற்பது, எது தீரப்போகிறது. செவ்வாய், வெள்ளி காலை மகள். அன்றைக்கு நான் அடுப்பைத் தொடுவதில்லை, கூப்பிட்டால் மட்டும் போவேன். ஞாயிறு வீட்டுக்காரரும் அத்தையும். மற்ற நாள் நான். நான் எழுந்திருப்பது இப்போது ஐந்தே காலுக்கு.

இன்றைக்கு வியாழன். பலகையில் மகள் கையெழுத்தில் மூன்று வரி இருக்கிறது: "முருங்கைக்காய் சாம்பார், நான். துவரம்பருப்பு ரெண்டு நாளுக்குத்தான் இருக்கு. ஆயா, நாளைக்கு மல்லி வறுக்கச் சொல்லித் தாங்க."